அடுப்புக்கு நான்கு வேலை

ஊவா மாகாணத்தில் குளிர் என்பது உயரத்தின் கணக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கும் பதுளை நகரத்தில் மார்கழி இரவுக்கு ஒரு போர்வை போதும். ஹாலிஎல, தெமோதரை வழியாக ஏறி 1,200 மீற்றரைத் தாண்டிப் பண்டாரவளைக்கு வந்தால் கம்பளி தேவைப்படும். 1,400 மீற்றருக்கும் மேலே, மலை விளிம்பில் நிற்கும் அப்புத்தளையில் காற்று வீசும் இரவுகளில் கம்பளியும் போதாது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் காற்று ஆறு, ஆறரை பாகை குளிர்கிறது. அந்தக் கணக்கின்படி உயரத் தேயிலைத் தோட்டங்களில் தை மாத அதிகாலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது வழமை. குளிர் பருவமுள்ள நாடுகளில் வீட்டுக்குள் வெப்பம் 18 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் பரிந்துரைத்தது. இலங்கை அந்த வகையில் சேராது. வெப்ப நாட்டுக்கு வீட்டைச் சூடாக்கும் கவலை எதற்கு என்ற எண்ணம் கொழும்பில் இயல்பாக வரும். ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில், ஒரு காம்பராவுக்குள், தகரக் கூரைக்கும் சிமெந்துத் தரைக்கும் நடுவே படுத்திருக்கும் ஒரு கைக்குழந்தைக்கு நாட்டின் சராசரி வெப்பநிலை எந்த வகையிலும் உதவாது. அந்தக் காம்பராவைச் சூடாக வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: விறகடுப்பு. அதை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் கொண்டு மாற்றுவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

மாற்றுவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். லயத்து வீட்டில் அடுப்பு பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு) வெகுநேரம் முன்பே பற்றுகிறது. முதலில் தேத்தண்ணிக்கும் முகம் கழுவவும் தண்ணீர் கொதிக்கிறது. அடுத்து ரொட்டி, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் கறி. பெரியவர்கள் மலைக்குப் போன பிறகும் தணல் கிடக்கும்; வீட்டில் இருக்கும் கிழவியும் குழந்தையும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் கொழுந்து எடுத்தவர்கள் நனைந்து வருகிறார்கள்: குளிக்க வெந்நீர், பிறகு சோறு. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் நனைந்த துணி காய்கிறது. அதற்கும் மேலே பரணில் நாளைக்கு எரிக்க வேண்டிய மிலார் (தேயிலையில் கவ்வாத்து வெட்டிய குச்சி) காய்கிறது. சமைப்பது, தண்ணீர் சுட வைப்பது, ஆளுக்குச் சூடு கொடுப்பது, ஈரம் போக்குவது என்று நான்கு வேலை. அடுப்பு மாற்றும் திட்டங்களின் பெரிய பிழை, இந்த நான்கில் முதல் வேலையை மட்டும் கண்டதுதான். சமையலுக்கு மாற்று கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் கைவிட்டால், மற்ற மூன்றுக்காக விறகு எரிந்துகொண்டே இருக்கும். அது பெண்களின் பிடிவாதம் என்று அறிக்கைகளில் எழுதப்படுகிறது. பிடிவாதம் எதுவும் அதில் இல்லை; மீதி மூன்று வேலையும் ஆளில்லாமல் நிற்கின்றன, அவ்வளவுதான்.

மாற்ற வேண்டியதன் காரணம் புகை. அதில் எவருக்கும் சந்தேகம் வேண்டாம். விறகின் எடையில் முக்கால் பங்களவு, சூடேறும்போது வாயுவாக வெளியேறுகிறது; நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய அடுப்பின் வாய் 600 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஈர விறகு அந்தச் சூட்டை எட்ட விடாது. பச்சையாக வெட்டிய ஒரு கிலோ விறகில் அரைக் கிலோ வரை தண்ணீர். அதை ஆவியாக்கவே நெருப்பு முதலில் செலவாகிறது. சுவாலை தணிகிறது, வாயு எரியாமல் துகளாகவும் தாராகவும் மேலேறுகிறது. புகை என்பது எரியாமல் வீணாய்ப் போன விறகு. தகரத்தின் அடிப்புறம் கறுத்துப் பளபளப்பது அந்தத் தார். சமைப்பவரின் நுரையீரலில் படிவதும் அதுவே. வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறக்கின்றனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. ஜன்னல் சிறுத்த, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயத்தில் இந்தப் புகைக்குப் போக்கிடம் இல்லை. பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டுப் புகை கூரைக்கு அடியில் தவழ்ந்து அடுத்த காம்பராவில் இறங்குகிறது.

அப்படியென்றால் எரிவாயு சிலிண்டர் வாங்கினால் முடிந்தது என்று தோன்றும். நகரத்துக்கு அது சரியான விடை. தோட்டத்துக்கு அது பாதி விடை, அதுவும் நிச்சயமில்லாத பாதி. 12.5 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 575 மெகாயூல் ஆற்றல் இருக்கிறது. அடுப்பின் திறன் 55 சதவீதம் என்றால் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது 316. இதே வேலையை மூன்று கல் அடுப்பில் செய்ய 160 கிலோ காய்ந்த விறகு வேண்டும். நல்ல அடுப்பில் 85 கிலோ போதும். கணக்கில் சிலிண்டர் மிகத் திறமையானது. ஆனால் 2021 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்குமுன் 1,500 ரூபாய்க்குள் இருந்த அதே சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். தோட்டத் தொழிலாளிக்கு 2021 மார்ச்சில்தான், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்புக்கு ஒரு சிலிண்டர். காசு இருந்தவர்களுக்கும் வரிசையே கிடைத்தது. 2021இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் அடுப்புகள் வெடித்ததும், சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் பற்றிக் கேள்வி எழுந்ததும் சிலிண்டர் மீதிருந்த நம்பிக்கையை மேலும் தகர்த்தன. மண்ணெண்ணெயின் கதை இன்னும் கொடியது: 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். இறக்குமதி எரிபொருளை நம்பி ஒரு வீட்டின் சூட்டை ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இந்த நெருக்கடி ஒருமுறை வந்து போனது என்று சொல்பவர்களுக்கு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்துப் பாதைகள் மண்சரிவால் அடைபட்டதை நினைவூட்டலாம். பாதை போனால் சிலிண்டர் லொறியும் இல்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. எரிவாயு அடுப்பை அணைத்த நொடியில் சூடு நின்றுவிடும். ரொட்டி சுட்டாயிற்று, காம்பரா குளிர்ந்தபடி கிடக்கிறது. அப்போது சிலர் செய்வது உயிருக்கே ஆபத்தானது: வெளியே விறகு எரித்து, புகை அடங்கிய தணலைச் சட்டியில் அள்ளி, படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். புகை இல்லாததால் அது சுத்தமாகத் தெரிகிறது. தணல் மங்கி எரியும்போது வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு விழிப்பில்லை. ஈர விறகின் புகையாவது கண்ணை எரித்து ஆளை வெளியே துரத்தும். நெருப்புச் சட்டியை உறங்கும் அறைக்குள் எந்தக் குளிரிலும், எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்குமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

எனவே வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே வழி. நான்கில் மிக எளிதாக விறகிலிருந்து பிரியக்கூடியது தண்ணீர் சுட வைக்கும் வேலை. அதற்குப் பொருத்தமானது மின்சாரம். 18 பாகையிலுள்ள மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, வீணாவதையும் சேர்த்து, மூன்றில் ஒரு அலகு மின்சாரம் போதும். அந்த மூன்று லீற்றரோடு ஏழு லீற்றர் பச்சைத் தண்ணீர் கலந்தால் 42 பாகை வெந்நீர் ஒரு வாளி. குளியலுக்கும் தேத்தண்ணிக்குமாக நாளொன்றுக்கு ஆறு லீற்றர் கொதிக்க வைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 20 அலகு. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் அறவிடும் முறையே மாறிவிடும். மின்குமிழ், தொலைக்காட்சி, கைப்பேசியோடு நிற்கும் வீடு 20 அலகைக் கூட்டினாலும் அந்த எல்லைக்குள் அடங்கும். முழுச் சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றினால் அடங்காது. ஆகவே மின்சாரத்தை வெந்நீரோடு நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. ஒரு நிபந்தனை உண்டு: 2,000 வாட் கேத்தில் ஒன்பது அம்பியரை நெருங்கி இழுக்கும். லயத்தில் வெளிச்சத்துக்கென்று இழுத்த மெல்லிய கம்பியில், 5 அம்பியர் பிளக்கில் அதைச் சொருகினால் கம்பி சூடேறும். லயங்கள் தீப்பிடித்த செய்திகளில் மின்னொழுக்கு என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். கேத்திலுக்கு முன் தனிக் கம்பி, சரியான பிளக், ட்ரிப் சுவிட்ச். இவை இல்லாத வீட்டில் வெந்நீரும் விறகிலேயே இருக்கட்டும்.

சமையலின் பெரும்பகுதி விறகில்தான் தொடரும், தொடரலாம் என்பது என் முடிவு. ஆனால் இப்போதுள்ள அடுப்பில் தொடரக் கூடாது. இலங்கையில் 1980களில் உருவாகிப் பரவிய அனகி அடுப்பு, சுட்ட மண்ணால் ஆன இரண்டு வாய் அடுப்பு. முதல் பாத்திரத்தைத் தாண்டிய சூடு இரண்டாம் பாத்திரத்தை வேக வைக்கும். விறகு கணிசமாக மிச்சப்படும். அதற்குப் புகைக்கூடு கிடையாது. சமவெளியில் திறந்த குசினியில் அது பெரிய குறையில்லை. குளிருக்கு அடைத்து வைத்த மலைநாட்டுக் குசினிக்கு அது போதாது. மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டி, பின்புறத்தில் குழாய் எழுப்பிய அடுப்புத்தான் இங்கே வேண்டும். மூன்று மீற்றர் குழாயில் 150 பாகைக் காற்று நிற்கும்போது வெளியே 18 பாகை என்றால், பத்து பஸ்கால் அளவு இழுவிசை பிறக்கும்; மிகச் சிறியது, ஆனால் புகையை மேலே இழுக்கப் போதுமானது. வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு இழுவை, ஆக மலைநாடு புகைக்கூட்டுக்கு ஏற்ற இடம். குழாய் கூரை முகட்டைவிட இரண்டு அடியாவது உயர வேண்டும். தலையில் தொப்பி வேண்டும், இல்லாவிட்டால் அப்புத்தளைக் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள் தள்ளும். அதோடு, மண் அடுப்பின் கனமான உடம்பு பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். சூடு தங்கும், புகை போய்விடும். எரிவாயுவால் செய்ய முடியாத வேலை அது.

ஆனால் எந்த அடுப்பையும் விட விறகே முக்கியம். இதைத் தேயிலைத் தொழிற்சாலைகள் நன்கு அறியும். 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் கொழுந்து வாட்டவும் தேயிலை காய வைக்கவும் விறகுக்குத் திரும்பியவை அவை. ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ விறகு எரிகிறது. ஈர விறகு போட்டால் அந்தக் கணக்கு எகிறும், ஆகவே விறகைப் பிளந்து கூரைக்குக் கீழ் அடுக்கிக் காய வைப்பார்கள். அதே தோட்டத்தின் லயத்தில், மழையில் நனைந்த மிலாரை அன்றன்றைக்கு எரிக்கிறார்கள். ஊவாவின் வானிலை இதற்கு ஒரு சலுகை தருகிறது. ஹற்றன் பக்கம் தென்மேல் பருவத்தில் நனையும் ஆடி, ஆவணியில் இங்கே காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அந்த வறண்ட காற்று, ஆறு வாரத்தில் பிளந்த சவுக்கையும் கவ்வாத்து மிலாரையும் இலவசமாகக் காய வைத்துத் தரும். ஐப்பசியில் மழை தொடங்கும். தை வரை ஓயாது. மழை தொடங்குமுன் நான்கு மாத விறகு ஒரு தகரத்தின் கீழ் ஏறியிருக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் லயத்துக்கு ஒரு விறகுக் கொட்டகை கட்டிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு, தொழிற்சாலைக் கொட்டகையின் சிறு துண்டுதான்.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. இந்தியாவில் 1980களின் நடுவிலிருந்து 2002 வரை மேம்படுத்திய அடுப்புக்கான தேசியத் திட்டம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது; அவற்றில் பல உடைந்தோ கைவிடப்பட்டோ போயின. ஒடிசாவில் பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோவும் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் ரெமா ஹன்னாவும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், புகைக்கூடுள்ள மண் அடுப்புகள் முதலாண்டில் புகையைக் குறைத்தன. பிறகு அந்தப் பலன் மறைந்தது. யாரும் குழாயைச் சுத்தம் செய்யவில்லை, வெடிப்பைப் பூசவில்லை, ஆட்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இன்னோர் ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். குவாத்தமாலாவின் மலைப்பகுதியில், நம் தோட்டங்களைப் போலவே குளிரும் விறகும் உள்ள 534 வீடுகளில் சுகாதார ஆய்வாளர் கேர்க் ஸ்மித்தின் குழு நடத்திய சோதனை 2011இல் வெளியானது. புகைக்கூட்டு அடுப்பைக் கவனித்துப் பராமரித்த வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த காபனோரொட்சைட்டு பாதியானது. நிமோனியாவின் மொத்த எண்ணிக்கை உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரு ஆய்வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பராமரிப்பு. சிதறிக் கிடக்கும் கிராமத்தில் அது கடினம். லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும் இடத்தில், மாதம் ஒருமுறை எல்லாக் குழாயையும் துலக்க ஒருவருக்கு அரை நாள் வேலை. தோட்டம் அதற்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். கான் வெட்டுவதற்குக் கொடுப்பதுபோல.

எரிவாயுவை ஆதரிப்பவர்களும் ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய சோதனையில், இலவச எரிவாயு கிடைத்த தாய்மார் சுவாசித்த துகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையிலோ பின்னர் வந்த நிமோனியாவிலோ தெளிவான வேறுபாடு தெரியவில்லை. எரிவாயு பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். ஒரு வீட்டின் அடுப்பை மாற்றுவதால் அந்த வீடு சுவாசிக்கும் காற்று முழுக்க மாறிவிடாது என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்கிறேன். லயத்தில் இது இன்னும் உண்மை. பன்னிரண்டில் ஒரு வீடு சிலிண்டர் வாங்கினால், மீதிப் பதினொன்றின் புகை இடைச்சுவருக்கு மேலால் அங்கே வந்து சேரும். மாற்றம் வீடு வீடாக நடந்தால் பலன் தராது. லயம் லயமாக நடக்க வேண்டும்.

காடு அழியும் என்ற அச்சத்துக்கும் பதில் வேண்டும். கவ்வாத்து மிலாரும் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கின் கிளைவெட்டும் வெட்ட வெட்டத் தளிர்ப்பவை; அவற்றை எரிப்பதால் மலை மொட்டையாகாது. நல்ல அடுப்பும் காய்ந்த விறகும் சேர்ந்தால் தேவை பாதியாகும், நமுனுகுலை மலைச் சரிவுகளில் ஏறித் தலைச்சுமை தூக்கும் பெண்களின் நேரமும் பாதியாகும். பாதிதான். முழுச் சுமையும் இறங்க விறகு லயத்தடிக்கே வர வேண்டும்.

கடைசியாக, யாரும் அடுப்போடு சேர்த்துப் பேசாத கூரை. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். விடியலில் அதன் அடிப்புறத்திலிருந்து சொட்டும் நீர் அதற்குச் சாட்சி. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், உள்ளுக்கும் வெளிக்கும் ஆறு பாகை வேறுபாடு என்றால், வெறும் தகரத்தின் வழியாக மட்டும் 450 வாட் அளவில் சூடு வெளியேறும். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு எளிய சீலிங் அடித்தால் அது பாதிக்கும் கீழே குறையும். உறங்கும் இரண்டு பெரியவர்களும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து விடும் உடற்சூடே 300 வாட் இருக்கும். சுவரும் கதவிடுக்கும் தம் பங்கை எடுத்தாலும், இரவுச் சூட்டுக்கு நெருப்பே தேவையில்லாத நிலையை ஒரு சீலிங் நெருங்கச் செய்கிறது. அடுப்பு மாற்றத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு கூரைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

காணி உறுதி இல்லாத வீட்டில் யார் சீலிங் அடிப்பார்கள், யார் புகைக்கூடு கட்டுவார்கள் என்று கேட்பது நியாயம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் தொழிலாளி போடும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் சொத்தில் போடும் ரூபாய். ஆகவே லயத்தில் இவற்றைச் செய்ய வேண்டியது பெருந்தோட்டக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும்தான். மறுபக்கம், இந்திய உதவியிலும் அரசின் செலவிலும் தனிக் காணியில் எழும் புதிய வீடுகள் இருக்கின்றன. அங்கே குசினிக்குப் புகைக்கூடும், அறைக்குச் சீலிங்கும், கேத்திலுக்குத் தனி இணைப்பும், பின்புறம் விறகுக்கு ஒரு தகரச் சாய்ப்பும் வரைபடத்திலேயே வந்துவிட வேண்டும்; கட்டி முடித்த பின் இடித்துச் சேர்ப்பதைவிட அது மிகக் குறைந்த செலவு. சிறிய சிலிண்டர் ஒன்று அவசரத்துக்கும் நோயாளிக்கும் இருக்கட்டும், கடைசியாக. வரைபடம் வரைபவர்கள் ஒரு தை மாத அதிகாலை ஐந்து மணிக்கு வெப்பமானியோடு அப்புத்தளை லயம் ஒன்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இவை எதற்கும் காத்திருக்க முடியாத குடும்பம், காசு செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: இந்த ஆவணியில் விறகைப் பிளந்து, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, தகரத்தின் கீழ் அடுக்குங்கள்.